சூளையில் வெந்த களிமண்ணும் அடுப்பு மேடைக் கான்கிரீட்டும்

பட்டர்வொர்த்தில் உணவகம் நடத்தும் அன்பர் ஒருவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: கடையின் பின்புறத்தில் அவர் ஒரு விறகு அடுப்பு கட்டப் போகிறார். அதன் மேடைக்கும் பின்சுவருக்கும், சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்துச் சுட்ட களிமண் பொடி சேர்த்த கான்கிரீட்டை வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். களிமண் ஏற்கெனவே சூளையில் வெந்ததுதானே, இனி நெருப்பு அதை என்ன செய்யும் என்பது விற்பனையாளரின் வாதம். இது சரியா என்று கேட்கிறார். கோலாலம்பூரில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் பல ஆண்டுகள் கான்கிரீட் கட்டிகளை உலையில் சுட்டும், அமுக்கி உடைத்தும் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேட்டவருக்கு உண்மையில் தேவைப்படுவது களிமண்ணைப் பற்றிய தீர்ப்பு மட்டுமன்று; தன் மேடை எவ்வளவு சூட்டைக் காணும், அந்தச் சூட்டில் எந்தக் கான்கிரீட்டாயினும் என்ன ஆகும் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நேரான விடை. அந்தப் பொருள் நல்ல பொருள்தான், ஆனால் விற்பனையாளர் சொல்லும் காரணம் தவறு. சுட்ட களிமண் பொடி சேர்த்த கான்கிரீட் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணக் கான்கிரீட்டுக்கு ஈடாகவோ சற்று மேலாகவோ நிற்கும். 400 டிகிரியைத் தாண்டிய பிறகு அதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. கலவை மிக அடர்த்தியாக இருந்தால் சாதாரணக் கான்கிரீட்டைவிட மோசமாகவும் நடந்துகொள்ளும்.

காரணம் ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, சூளையில் களிமண்ணுக்கு நடப்பதைப் பார்க்க வேண்டும். இதற்குப் பயன்படும் களிமண்ணின் முக்கியக் கனிமம் கயோலினைட். நம் நாட்டில் பேராக்கின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக் களிமண் அந்த இனம். கயோலினைட்டின் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு, அதன் படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட நீர். 500 முதல் 600 டிகிரிக்குள் அந்த நீர் வெளியேறத் தொடங்கிப் படிக ஒழுங்கு குலைகிறது. 650 முதல் 850 டிகிரி வரை சுட்டு எடுத்தால், சுண்ணாம்போடு சேரத் துடிக்கும் ஒழுங்கற்ற தூள் கிடைக்கிறது. இதை மெட்டாகயோலின் என்கிறோம். இன்னும் மேலே சுட்டு 1000 டிகிரிக்கு அருகில் கொண்டுபோனால் புதிய படிகங்கள் உருவாகித் தூள் செத்துவிடும். ஆகவே சிமெண்டுக்குப் பதிலாகப் போடும் களிமண் வேண்டுமென்றே மிதமாகச் சுடப்பட்டது, மேலும் வினைபுரியக் காத்திருப்பது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்ததும் வெளிப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு, அதாவது நீற்றிய சுண்ணாம்போடு, இது இணைந்து புதிய பசையாகிறது. அப்படி இணையும்போது மறுபடியும் நீரைத் தன்னுள் கட்டிக்கொள்கிறது. விற்பனையாளர் மறந்துவிட்ட இடம் இதுதான். சூளையில் இழந்த நீரைக் கலவையில் வேறு வடிவத்தில் பெற்றுக்கொண்ட பொருள் அது; அடுப்புச் சூடு அந்த நீரை மறுபடி பறிக்கும், பறித்தால் பசை குலையும்.

இது புதிய அறிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். செங்கலைப் பொடித்துச் சுண்ணாம்போடு அரைத்த சுர்க்கிச் சாந்து நம் முன்னோர் அறிந்ததே. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். அங்கே நடந்ததும் இதே வினை. சரியான பதத்தில் வெந்த செங்கல்லின் பொடிதான் சுர்க்கிக்கு ஆகும், கருகி உருகிய செங்கல் ஆகாது என்று பழைய கொத்தனார்கள் வைத்திருந்த விதிக்கும் மேலே சொன்ன வெப்ப எல்லைதான் விளக்கம்.

இனி, கான்கிரீட்டைச் சூடாக்கினால் படிப்படியாக என்ன நடக்கிறது என்பது. இந்தப் பகுதி ஐயத்துக்கு இடமில்லாதது. களிமண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். 100 டிகிரியை ஒட்டி நுண்துளைகளில் தேங்கிய நீர் ஆவியாகிறது. எட்ரிங்கைட் போன்ற சில சேர்மங்கள் அதற்கும் முன்பே சிதையத் தொடங்கிவிடும். 100 முதல் 300 டிகிரி வரை கான்கிரீட்டின் உயிரான கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் பசை தன் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து சுருங்குகிறது. அதே வேளையில் ஜல்லி வெப்பத்தால் விரிகிறது. ஒன்று சுருங்க மற்றது விரிய, இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. 400 முதல் 500 டிகிரிக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. 573 டிகிரியில் மணலிலும் கருங்கல்லிலும் உள்ள குவார்ட்ஸ் படிக வடிவம் மாறிச் சட்டென்று பருக்கிறது. 600-ஐத் தாண்டியபின் பசையே சிதைகிறது. 700-க்கு மேல் சுண்ணாம்புக்கல் இருந்தால் அது கரியமில வாயுவை விட்டுவிட்டு உதிரத் தொடங்குகிறது.

இந்தப் படிகளில் சுட்ட களிமண் எதை மாற்றுகிறது என்பதில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. அது இரண்டு எதிர் வேலைகளைச் செய்கிறது. கால்சியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடுவதால், 400 முதல் 500 டிகிரியில் சிதைய வேண்டிய பொருள் குறைவாகவே மிஞ்சுகிறது. அதைவிட முக்கியம், ஆறிய பிறகு வரும் கேடும் குறைகிறது. சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடி நீறும்போது ஊதிக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பினாங்குக் கரையோரத்தின் ஈரக்காற்றில் அதற்கு நீர் தேடி அலைய வேண்டியதில்லை. தீ அணைந்த அன்று உறுதியாகத் தெரிந்த கான்கிரீட் சில வாரங்களில் பொரிந்து உதிர்வதற்கு இது ஒரு காரணம். மேலும், வினைபுரியாமல் மிஞ்சிய களிமண் தூள் 200 டிகிரி அளவிலான சூட்டில் துளைகளுக்குள் அடைபட்ட ஆவியின் துணையோடு மீதி வினையையும் முடித்துக்கொள்வதால், அந்த நிலையில் வலிமை சற்றுக் கூடுவதும் உண்டு. 200 டிகிரியில் சுட்ட கட்டி, சுடாத கட்டியைவிட அதிகச் சுமையில் உடைவதைக் கண்டு புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கள் எந்திரத்தைச் சந்தேகிப்பது எங்கள் கூடத்தில் வழக்கம்.

எதிர் வேலை இது. களிமண் பசை மிக நுண்ணிய துளைகளை உடையது. மற்றப்படி அது பெரிய நற்குணம். உப்பும் கடற்காற்றும் உள்ளே எளிதில் புக முடியாது, கம்பி துருப்பிடிப்பது குறையும். ஆனால் உள்ளிருக்கும் ஆவியும் வெளியே வர முடியாது. வேகமாகச் சூடேறினால் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே ஆவியின் அழுத்தம் திரண்டு, வெப்ப விரிவின் இறுக்கமும் அதனோடு சேர்ந்து, கான்கிரீட்டின் தோல் துண்டு துண்டாகத் தெறிக்கிறது. இதைச் செதில் வெடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 2003-ல் ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. சிமெண்டில் 5 முதல் 20 விழுக்காடு வரை மெட்டாகயோலின் சேர்த்த கான்கிரீட், 200 டிகிரியில் வலிமை கூடியபின், அதற்கு மேற்பட்ட சூட்டில் சிலிக்காத் தூள் சேர்த்தது, நிலக்கரிச் சாம்பல் சேர்த்தது, வெறும் சிமெண்டில் செய்தது ஆகிய மூன்றையும்விடக் கடுமையாக வலிமை இழந்தது. செதில் வெடிப்பு சாதாரண வலிமைக் கலவையிலும்கூட ஏற்பட்டது. களிமண் பங்கு கூடக்கூட அடிக்கடி ஏற்பட்டது. சில சோதனைகளில் இதற்கு நேர்மாறாக, குறைந்த பங்கு களிமண் 400 டிகிரி வரை நன்மையே செய்திருக்கிறது. முரண்பாடாகத் தோன்றினாலும், கட்டியின் அளவு, அதன் ஈரம், சூடேற்றிய வேகம், தண்ணீர்ப் பங்கு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறியதைக் கணக்கில் கொண்டால் முரண்பாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆகவே ஒருவர் 'இத்தனை விழுக்காடு வலிமை மிஞ்சியது' என்று எண்ணைக் காட்டினால், எப்படி அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். சுடச்சுட அமுக்கிய கட்டி ஒரு விடை தரும். சுமையைத் தாங்கியபடியே சூடேறிய கட்டி பெரும்பாலும் அதைவிட நல்ல விடை தரும், ஏனெனில் சுமையின் அழுத்தம் கீறல்கள் திறக்கவிடாது. ஆறவைத்து அமுக்கிய கட்டிதான் மூன்றிலும் குறைந்த விடை தரும். சூடான கட்டியின்மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் இன்னும் குறையும். விற்பனைத் தாள்களில் எந்த எண் இடம்பெறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

களிமண் பொடியாக வராமல் ஜல்லியாக வரும் வகையும் உண்டு. இதையும் 'களிமண் கான்கிரீட்' என்றே பலர் சொல்வதால் குழப்பம் நேர்கிறது. சுழல் சூளையில் 1100 முதல் 1200 டிகிரிவரை சுட்டு, உள்ளே வாயு உப்பி, இலேசான உருண்டைகளாக வருவது அது. இங்கே விற்பனையாளரின் வாதம் ஓரளவு பொருந்தும். அந்த உருண்டை அடுப்புச் சூட்டைவிடக் கடுமையான சூட்டை முன்பே பார்த்துவிட்டது. அதில் 573 டிகிரியில் குதிக்கும் குவார்ட்ஸ் குறைவு, வெப்ப விரிவும் குறைவு, வெப்பத்தைக் கடத்தும் திறனும் குறைவு, பசையோடு சண்டையிடாது. எனவே உப்பிய களிமண் ஜல்லிக் கான்கிரீட் தன் தொடக்க வலிமையில் பெரும் பங்கை அதிகச் சூட்டிலும் தக்கவைக்கிறது. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கல் கிடைக்காத இடங்களில் வழக்கமாகப் போடும் உடைந்த செங்கல் ஜல்லியும் இந்த வகையில் நல்லதே. ஆனால் இவை கடற்பஞ்சுபோல் நீரைக் குடிக்கும். ஈரம் வற்றாமல் தீயைக் காட்டினால் செதில் வெடிப்பை இவையே வரவழைக்கும். தொடக்க வலிமையும் கருங்கல் கான்கிரீட்டைவிடக் குறைவாக இருக்கும் என்பதை மறக்கலாகாது.

உண்மையில், சிமெண்டில் என்ன கலந்தது என்பதைவிட ஜல்லி என்ன கல் என்பது பல வேளைகளில் பெரிய விஷயம். மலேசியாவிலும் பின்பற்றப்படும் ஐரோப்பியக் கான்கிரீட் வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோகோடு 2-இன் தீப் பகுதி, கருங்கல் போன்ற சிலிக்கா வகை ஜல்லிக் கான்கிரீட்டுக்கு 300 டிகிரியில் 85 விழுக்காடு, 500-ல் 60, 600-ல் 45, 800-ல் 15 விழுக்காடு வலிமை மிஞ்சுவதாகக் கணக்கிடச் சொல்கிறது. சுண்ணாம்புக்கல் ஜல்லி என்றால் அதே எண்கள் 91, 74, 60, 27 ஆகின்றன. பினாங்குத் தீவே கருங்கல்லின் மேல் எழுந்தது. அங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கல் குவாரியிலிருந்து லோரியில் வருவது பெரும்பாலும் கருங்கல், மணலும் குவார்ட்ஸ் மணல். ஆகவே நம் ஊர்க் கான்கிரீட்டுக்குக் கருங்கல்லுக்கான குறைந்த எண்களைத்தான் பிடிக்க வேண்டும். ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஜல்லி கிடைத்தால் 700 டிகிரி வரை அது மேல். அதற்கு மேலே அதுவும் சுண்ணாம்பாகிவிடும் என்பதால் அடுப்பின் உட்புறத்துக்கு அதுவும் ஆகாது.

விற்பனையாளர் சொல்லும் சிமெண்ட் வெறும் மெட்டாகயோலின் கலப்பா, அல்லது இப்போது பரவலாகப் பேசப்படும் எல்சி3 வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் கியூபா, இந்தியா நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் கலவையின் வழக்கமான அளவு, கிளிங்கர் (சிமெண்டாக அரைக்கும் சூளைக் கட்டி) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் பொடி 15, ஜிப்சம் 5 என்பது. இதில் களிமண் பங்கு அதிகம், துளைகள் மிக நுண்மை. கடற்கரைக் கட்டடத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நெருப்பைப் பொறுத்தவரை, சாதாரணச் சிமெண்டுக்குப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் சோதனைக் குவியல் இதற்கு இன்னும் சேரவில்லை. கலவையின் வேதியியலைப் பார்த்து என்னால் சொல்ல முடிவது, ஆறியபின் வரும் சுண்ணாம்பு ஊதல் இதில் குறைவாக இருக்கும், செதில் வெடிப்புக்கு எச்சரிக்கை கூடுதலாகத் தேவை என்பதுதான். முன்னதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். பின்னது கலவையின் அடர்த்தியையும் ஈரத்தையும் பொறுத்தது, தொலைவிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வெயில் சூட்டையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். நம் 33 டிகிரி வெயில் கெட்டியான கான்கிரீட்டை ஒன்றும் செய்யாது. வார்க்கும் நேரத்தில் கலவை சூடாக இருந்தால் முதல் வார வலிமை விரைந்து வந்து, பிற்கால வலிமை குறையும் என்பது வேறு செய்தி. களிமண் கலப்புக்கு அதில் ஒரே ஒரு கூடுதல் கவனிப்பு உண்டு: அது வினைபுரிய நாளும் நீரும் வேண்டும், ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள்.

இனி உங்கள் அடுப்பு. கட்டடத் தீ என்பது வேறு, அடுப்பு என்பது வேறு. சோதனைக்கூடங்கள் பின்பற்றும் பன்னாட்டுத் தீ வளைகோட்டின்படி அரை மணியில் 842 டிகிரி, ஒரு மணியில் 945 டிகிரி எட்டும்; கட்டடம் அதை ஒரு முறை தாங்கி, ஆட்கள் வெளியேறும்வரை நின்றால் போதும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின் ஒன்பதாம் அட்டவணை சொல்கிறது. கட்டடத் தீயில் கான்கிரீட்டைவிடக் கம்பிதான் முதலில் தோற்கும். 500 டிகிரியில் 78 விழுக்காடாக இருக்கும் அதன் வலிமை 600 டிகிரியில் 47-ஆகச் சரியும். ஆகவே கம்பியின்மேல் எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கிறது என்பதே அங்கே கேள்வி. அடுப்பு மேடையோ அவ்வளவு சூட்டைக் காணாது, ஆனால் நாள்தோறும் சூடேறி ஆறும். முதல் சூட்டிலேயே பெரும் சேதம் நடந்துவிடும், பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் கூடும்.

எனவே களிமண் பொடி சேர்த்ததோ சேர்க்காததோ, சிமெண்ட் கான்கிரீட்டை நெருப்புப் படும் முகமாக வைக்காதீர்கள். அமெரிக்காவில் அணுமின் நிலையக் கட்டடங்களுக்கான விதி, நெடுங்காலச் சூட்டில் கான்கிரீட் 66 டிகிரியையும், சிறு இடங்களில் மட்டும் 93 டிகிரியையும் தாண்டக் கூடாது என்கிறது. உணவகத்துக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை என்றாலும், மேடையின் சூட்டை 100 டிகிரிக்குள் வைக்க முடிந்தால் எந்தச் சிமெண்ட் என்ற கேள்வியே தேவைப்படாது. தளத்தில் தீச்செங்கல், அதை ஒட்டத் தீக்களிமண் சாந்து, அதன் கீழே வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகள் அல்லது உப்பிய களிமண் உருண்டை கலந்த இலேசான காப்படுக்கு (சூட்டைத் தடுக்கும் அடுக்கு), எல்லாவற்றுக்கும் கீழேதான் கம்பி போட்ட கான்கிரீட் மேடை. பின்சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி. சுடுமுகத்தை வார்த்தே ஆக வேண்டுமென்றால், உயர் அலுமினா சிமெண்டும் பொடித்த தீச்செங்கல்லும் சேர்ந்த வார்ப்புக் கலவையை வாங்குங்கள். ஆனால் மிஞ்சிய உயர் அலுமினா சிமெண்டைத் தூணுக்கோ உத்தரத்துக்கோ போட்டுவிடாதீர்கள், நம் ஊர் வெம்மையிலும் ஈரத்திலும் அதன் படிகங்கள் மாறி வலிமை சரியும்.

விற்பனையாளரின் கலவையை மேடைக்கு, அதாவது காப்படுக்குக்குக் கீழே, தாராளமாகப் போடலாம். பின்சுவரில் நேரடிச் சூடு படும் என்று ஐயமிருந்தால் ஒரு கன மீட்டருக்கு 2 கிலோ பாலிபுரொப்பிலீன் என்ற நெகிழி நாரைக் கலக்கச் சொல்லுங்கள். அது 160 டிகிரியை ஒட்டி உருகி, ஆவி வெளியேற மயிரிழைப் பாதைகளை விட்டுச்செல்லும். இந்த அளவு, மிக அடர்த்தியான உயர்வலிமைக் கான்கிரீட்டுக்காக யூரோகோடு சொல்வது. உங்கள் சுவருக்கு அது கூடுதல் காவல். வலிமையைக் காட்டும் கட்டிச் சோதனைத் தாள் தந்தால் அது அறைச் சூட்டில் 28-ஆம் நாளில் எடுத்தது என்பதை நினைவில் வையுங்கள். சூட்டைப் பற்றி எதையும் நிரூபிக்க வேண்டுமென்றால், அதே கலவையில் வார்த்த கட்டிகளை 200, 400, 600 டிகிரியில் சுட்டு, ஆறவைத்து, சில வாரம் வெளிக்காற்றில் வைத்து, அதன் பிறகு உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் இடத்தின் சுமையையும் கம்பியையும் பார்க்காமல் கனம் எவ்வளவு என்று நான் சொல்வது முறையன்று. அதைப் பதிவுபெற்ற பொறியாளர் கையொப்பமிட்டுத் தரட்டும்.

வார்த்து முடித்தபின் நல்ல நாள் பார்த்து அன்றே பெரும் தீ மூட்டும் வழக்கத்தை மட்டும் தவிருங்கள். குறைந்தது 28 நாள் விட்டு, முதல் சில நாள் கைப்பிடிச் சுள்ளியில் சிறு நெருப்பாக மூட்டி, செங்கல்லில் ஈரக் கசிவும் ஆவியும் நின்றபின் விறகைக் கூட்டுங்கள். இடையில் நீண்ட மழைக்காலத்தில் கடை மூடிக் கிடந்தால், திறக்கும்போது அதே சிறு நெருப்பிலிருந்து தொடங்க வேண்டும்.